முன்சக்கரங்கள் நறநறக்கும்போது: செலவுக்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

சில ஆண்டுகளுக்கு முன், டார்ஜிலிங் மலைப்பகுதியில் உள்ள எங்கள் கிளைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்ஃபூ செல்லும் மலைப்பாதையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று அவருக்குச் சொந்தம். அந்த வண்டியின் மீது எங்கள் கிளையில் கடனும் இருந்தது. சந்தக்ஃபூ, 3,636 மீட்டர் உயரத்தில் உள்ள மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம். அக்காலத்தில் அங்கே செல்லும் வழியில் பெரும்பகுதி பாறைக்கற்கள் பரப்பிய செங்குத்தான தடமாகவே இருந்தது. நான்கு சக்கரங்களும் இழுக்காத வண்டிக்கு அங்கே வேலை இல்லை.

அவர் கேட்டது கூடுதல் கடன். ஏற்றத்தில் முன்பக்கத்திலிருந்து நறநறவென்று ஓர் ஒலி வருவதாகவும், டிரான்ஸ்ஃபர் கேஸையும் முன் டிஃபரன்ஷியலையும் முழுமையாக மாற்ற வேண்டும் என்று பணிமனையில் கூறியதாகவும் சொல்லி, ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபாய்க்கான மதிப்பீட்டுத் தாளை மேசைமீது வைத்தார். செப்டம்பர் மாத இறுதி அது. அக்டோபர், நவம்பர் மாதங்களின் வருவாயை நம்பியே அவருடைய ஆண்டுத் தவணைகள் நடந்து வந்தன.

கடன் கொடுப்பதில் எங்களுக்குத் தடையேதும் இல்லை. அவர் தவணை தவறாதவர். எனினும் நாங்கள் இரண்டு கேள்விகள் கேட்டோம். அந்த ஒலி எப்போது வருகிறது? எந்தச் சோதனையைச் செய்து இவ்விரு பாகங்களும் கெட்டுவிட்டன என்று முடிவு செய்தார்கள்? முதல் கேள்விக்கு அவரிடம் தெளிவான விடை இருந்தது. இரண்டாவதற்கு விடை இல்லை. பணிமனையில் வண்டியைச் சற்றுத் தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மதிப்பீடு எழுதியிருந்தார்கள்.

கணக்குப் பதிவியலில் பயிற்சி பெற்றவர்களுக்கு இது பழகிய சூழ்நிலை. இருப்பாய்வின் இரு பக்கங்களும் ஒத்துவராதபோது பேரேட்டையே புதிதாக எழுத முற்படுவதில்லை. வேறுபாட்டுத் தொகையைப் பார்க்கிறோம். அது 9-ஆல் வகுபட்டால் 45 என்பதை 54 என்று எழுதியதுபோல இலக்கங்கள் எங்கோ இடம் மாறியிருக்கலாம் என்று ஐயுறுகிறோம். பிறகு ஒவ்வொரு பகுதியாகச் சரிபார்த்து, பிழை இல்லாத பகுதிகளை விலக்கிக்கொண்டே வருகிறோம். வண்டியின் ஒலியையும் இவ்வாறே ஆராயலாம். இயந்திரவியல் படித்திருக்க வேண்டிய தேவை இல்லை. ஒலி என்பது ஓர் அறிகுறி மட்டுமே. எந்த உறுப்பில் பழுது என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

முன் அச்சுக்கு ஆற்றல் செல்லும் வழி

இக்கட்டுரையில் நாம் பேசுவது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரங்களையும் இணைத்துக்கொள்ளும் வகை வண்டிகளைப் பற்றி. இவற்றில் கியர் பெட்டியை அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கும். ஓட்டுநர் அருகிலுள்ள சிறு நெம்புகோலோ சுவிட்சோ அதை இயக்கும். 2 எச் நிலையில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். 4 எச் நிலையில் நான்கும் இழுக்கும். 4 எல் நிலையில் நான்கும் மெதுவாகவும் மிகுந்த வலுவோடும் இழுக்கும்.

டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னோக்கி ஒரு புரொபெல்லர் ஷாஃப்ட் செல்கிறது. அதன் இரு முனைகளிலும் மெக்கானிக்குகள் கிராஸ் என்று அழைக்கும் யூ-ஜாயிண்டுகள் உள்ளன. அது முன் டிஃபரன்ஷியலின் பினியனைச் சுழற்ற, பினியன் கிரவுன் வீலைச் சுழற்றுகிறது. அங்கிருந்து இடமும் வலமும் இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட்டுகள் சக்கரங்களுக்குச் செல்கின்றன. முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், சுழலவும் வேண்டும் என்பதால், சக்கரத்தருகே ஆக்ஸிலில் ஒரு வளையும் இணைப்பு தேவைப்படுகிறது. இன்றைய வண்டிகள் பலவற்றில் அது சி.வி. ஜாயிண்ட். ரப்பர் பூட் ஒன்று அதன் கிரீஸைக் காக்கிறது. முடிவில் வீல் பேரிங்கும் ஹப்பும் உள்ளன. பழைய வகை வண்டிகள் சிலவற்றின் ஹப்பில் கையால் திருப்பும் பூட்டு இருக்கும். அதைத் திறந்துவிட்டால் சக்கரம் மட்டும் தனியே சுழலும், ஆக்ஸில் ஓய்வெடுக்கும். பூட்டினால் இரண்டும் ஒன்றாகச் சுழலும்.

ஆக, ஒலி எழக்கூடிய இடங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸ், புரொபெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் இணைப்பு, ஹப், பேரிங் ஆகிய ஆறுமே. இவற்றோடு பிரேக்கையும் டயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவை ஆற்றல் செல்லும் வழியில் இல்லாவிட்டாலும், இவற்றின் ஒலியைப் பலரும் டிஃபரன்ஷியலின் ஒலியாக எண்ணி ஏமாறுகிறார்கள்.

பழுதல்லாத ஒலிகள்

ஐயத்துக்குரியவற்றை ஆராயுமுன், பழுதே அல்லாத சிலவற்றை விலக்கிவிடுவோம்.

முதலாவது, உலர்ந்த தார்ச்சாலையில் 4 எச் நிலையில் திரும்பும்போது வரும் முனகலும் குலுக்கலும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் செல்கின்றன. இவ்வகை வண்டிகளில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே அந்த வேறுபாட்டை ஈடுசெய்யும் நடு டிஃபரன்ஷியல் இல்லை. சேற்றிலும் சரளையிலும் டயர் சற்றே வழுக்கி வேறுபாட்டைத் தீர்த்துவிடும். தார்ச்சாலையில் அதற்கு வழியில்லாததால் ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொள்கின்றன. வண்டி கட்டையைப் போலத் திரும்ப மறுக்கும், நெம்புகோலும் 4 எச் நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். நேர்க்கோட்டில் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு விடுபடும். இது பழுது அல்ல. ஆனால் இப்பழக்கம் தொடர்ந்தால் பழுது நிச்சயம் வரும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவிலோ வெவ்வேறு தேய்விலோ டயர்கள் இருந்தாலும் இதே முறுக்கு நேர்ச்சாலையிலேயே ஏற்படும்.

இரண்டாவது, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே 4 எல் நிலைக்கு மாற்ற முயன்றால் எழும் கரகரப்பு. பெரும்பாலான வண்டிகளில் 4 எல் நிலைக்கு மாற்ற வண்டியை நிறுத்தியாக வேண்டும். வண்டியின் கையேட்டில் சொல்லியுள்ள முறையைப் பின்பற்றினால் இந்த ஒலி எழாது.

மூன்றாவது, மலைப்பாதைகளில் ஓடும் வண்டிகளுக்கே உரிய ஒரு சிறு தொல்லை. பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் இடையே ஒரு சிறு கல் சிக்கிக்கொண்டால், உலோகத்தை அரைப்பது போன்ற கொடூரமான ஒலி வரும். கேட்பவர் வண்டியே சிதறிவிட்டதென்று அஞ்சுவார். கல்லை எடுத்துவிட்டால் ஒலியும் போய்விடும். அந்தத் தகடே வளைந்து டிஸ்க்கில் உரசுவதும் உண்டு.

ஐந்து கேள்விகள்

பணிமனைக்குச் செல்லுமுன் பின்வரும் ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்த மெக்கானிக் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.

1. ஒலி 2 எச் நிலையிலும் வருகிறதா, 4 எச் அல்லது 4 எல் நிலையில் மட்டும் வருகிறதா?

2. நேராகச் செல்லும்போது வருகிறதா, திரும்பும்போது வருகிறதா? திரும்பும்போது எனில் இடப்பக்கமா, வலப்பக்கமா?

3. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது வருகிறதா, காலை எடுத்து வண்டி தானாக உருளும்போது வருகிறதா?

4. வண்டியின் வேகத்தோடு கூடிக் குறைகிறதா, எஞ்சினின் வேகத்தோடு கூடிக் குறைகிறதா? வண்டியை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து எஞ்சினை மட்டும் முடுக்கும்போதும் ஒலி வந்தால் முன் அச்சு குற்றமற்றது.

5. பிரேக்கை இலேசாக அழுத்தினால் ஒலி மாறுகிறதா? மாறினால் முதலில் பிரேக்கைப் பாருங்கள்.

ஒலியைத் தெளிவாகக் கேட்க எளிய வழி ஒன்று உண்டு. நீண்ட மதிற்சுவரை ஒட்டிய அமைதியான சாலையில், கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, எந்தப் பக்கத்துச் சக்கரத்திலிருந்து வருகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்று ஓட்டச் சோதனைகள்

ஹப்பில் கைப்பூட்டு உள்ள வண்டியானால், மூன்று முறை ஓட்டிப் பார்ப்பதன் மூலமே பழுதின் இருப்பிடத்தைப் பெருமளவு சுருக்கிவிடலாம்.

முதல் ஓட்டம்: இரு ஹப்புகளையும் திறந்துவிட்டு, 2 எச் நிலையில், 40 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். இப்போது முன்பக்கத்தில் சக்கரம், பேரிங், பிரேக் ஆகியவை மட்டுமே சுழல்கின்றன. ஒலி வந்தால் பழுது இவற்றுள் ஒன்றில்தான். டிஃபரன்ஷியலையோ டிரான்ஸ்ஃபர் கேஸையோ தொட வேண்டியதில்லை.

இரண்டாம் ஓட்டம்: 2 எச் நிலையிலேயே இருந்துகொண்டு, ஹப்புகளை மட்டும் பூட்டிக்கொள்ளுங்கள். இப்போது சக்கரங்கள் ஆக்ஸிலையும் டிஃபரன்ஷியலையும் புரொபெல்லர் ஷாஃப்ட்டையும் சேர்த்துச் சுழற்றுகின்றன. எஞ்சினின் சுமை இவற்றின் மேல் இல்லை. முதல் ஓட்டத்தில் இல்லாத ஒலி இப்போது வந்தால், ஆக்ஸில் இணைப்பு, டிஃபரன்ஷியல், யூ-ஜாயிண்ட் ஆகிய மூன்றில் ஒன்றை ஐயுற வேண்டும்.

மூன்றாம் ஓட்டம்: ஹப்புகளைப் பூட்டியபடி, மண்பாதையிலோ சரளையிலோ மட்டும், 4 எச் நிலையில் ஓட்டுங்கள். ஒரு சிறு ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். முதல் இரண்டு ஓட்டங்களிலும் அமைதியாக இருந்த வண்டி இங்கே மட்டும் நறநறத்தால், சுமை ஏறும்போது பிடி நழுவும் உறுப்பு ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள். முழுமையாகப் பூட்டிக்கொள்ளாத ஹப், தளர்ந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின், சரியாகப் பொருந்தாத நெம்புகோல் இணைப்பு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. 4 எல் நிலையில் மட்டும் ஒலித்தால் டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே உள்ள குறைவேகப் பற்சக்கரங்கள் ஆராய்ச்சிக்குரியவை.

ஹப்பில் கைப்பூட்டு இல்லாத வண்டிகளில் முதல் இரு ஓட்டங்களையும் இப்படிப் பிரிக்க இயலாது. அவற்றுள் சில, முன் ஆக்ஸிலை வாக்குவம் விசையால் இணைத்துப் பிரிக்கின்றன. வாக்குவம் செல்லும் சிறு ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் இணைப்பு பாதியில் நின்று பற்கள் உரசும். விலை மலிந்த அந்தக் குழாயைப் பார்க்காமலே முழு ஆக்ஸிலையும் கழற்றுவது வீண் செலவு. இத்தகைய வண்டிகளில் ஆக்ஸிலின் வெளிமுனையிலுள்ள சி.வி. ஜாயிண்டுகள் 2 எச் நிலையிலும் சுழன்றுகொண்டே இருக்கும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். நான்கு சக்கரங்களையும் எப்போதும் மின்னணு முறையில் இயக்கும் வண்டிகளுக்கு இச்சோதனைகள் பொருந்தா. அவற்றின் கணினியில் பதிவான பிழைக்குறிகளைப் படிப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒலியும் உறுப்பும்

ஒலிகளைப் பெயரிட்டுச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நறநற, கடகட, கீச்கீச் என்று நாம் வேறுபடுத்திச் சொல்லும் ஒவ்வொன்றும் மெக்கானிக்குக்கு ஒரு துப்பு.

சக்கரத்தை முழுமையாகத் திருப்பி ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது டக்டக் என்று சீராக வரும் ஒலி சி.வி. ஜாயிண்டுடையது. பூட் கிழிந்து, கிரீஸ் வெளியே சிதறி, மண் உள்ளே புகுந்திருக்கும். சக்கரத்தின் உட்புறத்தில் கருமையாகக் கிரீஸ் தெறித்திருப்பதே போதிய சான்று. பூட் கிழிந்த உடனே கண்டுபிடித்தால் பூட்டையும் கிரீஸையும் மட்டும் மாற்றினால் போதும். டக்டக் ஒலி தொடங்கிவிட்டால் ஜாயிண்டையே மாற்ற நேரும்.

கீச்கீச் என்று வேகத்தோடு தாளம் போடும் மெல்லிய ஒலி, கிரீஸ் வற்றிய யூ-ஜாயிண்டில் எழுவது. முன்னோக்கிச் செல்வதிலிருந்து பின்னோக்கிச் செல்ல மாற்றும்போது டொக்கென்று ஓர் அடி விழுந்தால் அதே ஜாயிண்ட் தேய்ந்து ஆட்டம் கண்டுவிட்டது என்று கொள்ளலாம். கிரீஸ் நிப்பிள் உள்ள ஜாயிண்டுகளுக்கு, ஆற்றைக் கடந்து வந்த ஒவ்வொரு முறையும் புதுக் கிரீஸ் ஏற்றுவது மலைநாட்டு ஓட்டுநர்களின் நல்ல வழக்கம்.

தொடர்ச்சியான உறுமல், சாலையில் இலேசாக இடமும் வலமும் வளைக்கும்போது கூடிக் குறைந்தால், அது பெரும்பாலும் வீல் பேரிங். இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் எடை வலச்சக்கரத்தின்மேல் சாய்கிறது. அப்போது உறுமல் கூடினால் வலப்பக்கப் பேரிங்கை ஐயுறுங்கள். மேடுபள்ளமாகத் தேய்ந்த டயரும் இதேபோல் உறுமும். சாலையின் பரப்பு மாறும்போது ஒலியும் மாறினால் டயர், மாறாவிட்டால் பேரிங் என்பது எளிய வேறுபாடு.

ஊளையிடுவது போன்ற நீண்ட ஒலி, ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஒருவிதமாகவும் விடும்போது வேறுவிதமாகவும் கேட்டால், டிஃபரன்ஷியலின் கிரவுன், பினியன் பற்கள் சரியாகப் பொருந்தவில்லை எனலாம். இவ்விரண்டும் இணைபிரியாச் சோடி. ஒன்றை மட்டும் மாற்றுவது கூடாது. இவற்றின் இடைவெளியை அளந்து பொருத்துவதற்குத் தேர்ந்த கையும் தகுந்த கருவியும் வேண்டும். செலவு மிகுந்த இந்த வேலை, ஏனைய ஐயங்கள் யாவும் தீர்ந்த பிறகே தொடங்கத்தக்கது.

ஜாக்கியில் ஏற்றிப் பார்க்கும்போது

ஓட்டச் சோதனை காட்டிய இடத்தை உறுதிசெய்ய முன்பக்கத்தை உயர்த்த வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, டிரான்ஸ்ஃபர் கேஸை 2 எச் நிலையிலும் கியரை முதல் கியரிலும் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். உயர்த்தியபின் வண்டியின் எடை தாங்குநிலைகளின் மேல் இருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே செல்லக் கூடாது. ஒரு பக்கச் சக்கரங்கள் தரையில் இருக்க, எஞ்சினை ஓடவிட்டு நான்கு சக்கர இயக்கத்தைச் சோதிப்பது பேராபத்து. தரையிலுள்ள சக்கரங்கள் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும்.

சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பற்றி அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தளர்ந்திருக்கலாம். ஹப்பைத் திறந்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றி, மறுகையை அருகிலுள்ள ஸ்பிரிங்கின்மேல் வையுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பைக் காது கேட்குமுன் விரல்கள் உணரும். பிறகு புரொபெல்லர் ஷாஃப்ட்டை இரு கைகளாலும் பற்றித் திருகிப் பாருங்கள். ஜாயிண்டில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருக்கக் கூடாது.

இறுதியாக, ஹப்பைப் பூட்டிச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். எதிர்ப்பக்கச் சக்கரமோ புரொபெல்லர் ஷாஃப்ட்டோ அதனுடன் சேர்ந்து சுழல வேண்டும். எதுவும் அசையாமல் சக்கரம் மட்டும் நறநறவென்று சுழன்றால், ஹப் பிடிக்கவில்லை என்பது திண்ணம்.

எண்ணெய் சொல்லும் செய்தி

டிஃபரன்ஷியலைத் திறக்காமலே அதன் உள்நிலையை அறிய ஒரு வழி அதன் எண்ணெய். பக்கவாட்டிலுள்ள நிரப்புத் துளையின் மூடியைக் கழற்றினால், வழக்கமாகத் துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் இருக்க வேண்டும். எண்ணெய் குறைந்திருந்தால் அது எங்கே கசிகிறது என்பதைக் கண்டறிய வேண்டும்.

எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. ஏறி வந்து சூடான ஆக்ஸில் பெட்டி குளிர்ந்த ஆற்றுநீரில் இறங்கும்போது, உள்ளிருக்கும் காற்று திடீரெனச் சுருங்கி, தேய்ந்த சீல்கள் வழியே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. காற்றுப்போக்கிக் குழாய் மண்ணால் அடைபட்டிருந்தால் இது இன்னும் எளிதாக நிகழும். நீர் கலந்த எண்ணெய் பற்களைக் காக்காது, பேரிங்குகளைத் துருப்பிடிக்கச் செய்யும். உடனே எண்ணெயை மாற்றினால் டிஃபரன்ஷியலைக் காப்பாற்றலாம்.

காந்தம் பொருத்திய மூடியில் சாம்பல்நிறக் குழம்பு போல மெல்லிய துகள் ஒட்டியிருப்பது இயல்பான தேய்வு. கையில் உறுத்தும் சில்லுகளோ பல்லின் துண்டோ இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். எண்ணெய் வாங்கும்போது கையேட்டிலுள்ள தரக்குறியீட்டைப் பாருங்கள். டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்.-5 தரம் கேட்கும் வண்டியிலேயே கியர் பெட்டிக்கு ஜி.எல்.-4 தரம் கேட்கப்பட்டிருக்கலாம். ஒன்றையே இரண்டிலும் ஊற்றுவது தவறு.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்

எல்லா ஒலிகளும் அவசரமானவை அல்ல. கிரீஸ் வற்றிய ஜாயிண்டோடு மெதுவாக ஊர் திரும்பலாம். ஆனால் சக்கரத்தில் ஆட்டம், ஹப்பில் கை வைக்க முடியாத சூடு, ஸ்டீயரிங் இறுகிப் பிடித்தல், புரொபெல்லர் ஷாஃப்ட்டில் பெரும் அதிர்வு, பிரேக்கில் உலோகத்தோடு உலோகம் உரசும் ஒலி ஆகிய ஐந்தில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு ஓட்டக் கூடாது. மலைச்சாலையில் பேரிங் சிதைந்தால் சக்கரம் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. பயணிகளை ஏற்றிச் செல்பவர்களுக்கு இது உயிர்ப் பொறுப்பு.

பணிமனையிலும் வங்கியிலும்

மேற்கண்ட விடைகளோடும் சோதனை முடிவுகளோடும் பணிமனைக்குச் செல்லுங்கள். மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். மாற்றப்போகும் ஒவ்வொரு பாகத்துக்கும், அது கெட்டுவிட்டதை எந்தச் சோதனை காட்டியது என்று கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் இக்கேள்வியால் சினம் கொள்ள மாட்டார். வண்டியின் அடியில் அழைத்துச் சென்று காட்டுவார். மாற்றிய பழைய பாகங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

காப்பீடு கைகொடுக்குமா என்று வாடிக்கையாளர்கள் பலரும் கேட்கிறார்கள். மோட்டார் காப்பீட்டின் பொதுவான விதிப்படி, தேய்மானமும் இயந்திரப் பழுதும் இழப்பீட்டுக்கு உரியவை அல்ல. பாறையில் மோதி டிஃபரன்ஷியல் பெட்டி உடைவது போன்ற விபத்துச் சேதம் வேறு. அதற்கு இழப்பீடு கோரலாம். ஆனால் விபத்துக்குப்பின் தேவையான பழுது பார்க்காமல் வண்டியை ஓட்டி, அதனால் சேதம் பெருகினால், அந்தக் கூடுதல் சேதம் முழுவதும் உரிமையாளரின் பொறுப்பே. எண்ணெய் ஒழுகும் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்து, பற்கள் தேய்ந்த டிஃபரன்ஷியலுக்கு இழப்பீடு கேட்டால் கிடைக்காது. கூடுதல் கட்டணம் செலுத்திப் பெறும் இணைப்புக் காப்புகள் எவற்றை உள்ளடக்குகின்றன என்பதை ஒப்பந்தத் தாளில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கக் கடன் கேட்க வருமுன், மேற்சொன்ன மூன்று ஓட்டங்களையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். விற்பவர் தார்ச்சாலையில் 2 எச் நிலையில் மட்டும் ஓட்டிக்காட்டினால் அது போதாது. பதிவுச் சான்றிதழில் முந்தைய கடன் குறிப்பு இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் நீக்கத்துக்கான படிவம் 35-உம் பெற்று அதை நீக்கச் செய்யுங்கள்.

பழுதால் வண்டி நின்று, வருவாய் தடைபட்டால், தவணை நாள் கடக்குமுன்பே கிளைக்கு வந்து சொல்லுங்கள். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதற்குப்பின் எங்களால் செய்யக்கூடியவை குறைந்துவிடும். முதல் வாரத்தில் வந்தால் பேசுவதற்கு வழிகள் இருக்கும்.

தொடக்கத்தில் சொன்ன வாடிக்கையாளரிடம் திரும்புவோம். மானேபஞ்சாங் என்பது 1950-களில் செய்த லேண்ட் ரோவர் வண்டிகளைப் பல பத்தாண்டுகள் ஓடவைத்த ஊர். உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் கையாலும் காதாலும் பழுது பார்த்தவர்கள் அங்கே உண்டு. அவர்களுள் ஒரு முதியவரிடம் வண்டியை ஒருமுறை காட்டிவிட்டு வருமாறு சொல்லி அனுப்பினோம். கடன் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

மறுநாள் வந்தார். அந்த முதியவர் கேட்டதும் இதே கேள்விகளைத்தான். ஒலி 4 எச் நிலையில், ஏற்றத்தில், ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது மட்டும் வருகிறது. 2 எச் நிலையில் ஹப்பைப் பூட்டினாலும் திறந்தாலும் வண்டி அமைதியாக ஓடுகிறது. உடனே முன்பக்கத்தை உயர்த்தி, ஹப்புகளைப் பூட்டிச் சக்கரங்களைச் சுழற்றியிருக்கிறார். இடச்சக்கரம் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுழன்றது. வலச்சக்கரமோ நறநறத்துக்கொண்டு தனியே சுழன்றது. ஹப்பைத் திறந்தபோது, பழைய கிரீஸும் ஆற்று மண்ணும் சேர்ந்து பிசின்போல் இறுகி, உள்ளிருக்கும் வளையம் முழுமையாக நகர்ந்து பற்றிக்கொள்ள விடாமல் தடுத்திருந்தன. பற்கள் நல்லவேளையாக மழுங்கியிருக்கவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் இட்டுப் பூட்டியதும் ஒலி நின்றது. கூலியும் கிரீஸும் சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

அவர் கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கொடுக்க இருந்த கடனொன்று கைவிட்டுப் போனதற்காக ஒரு கிளை மகிழ்ந்த நாள் அது. இன்னும் சில வாரங்கள் அப்படியே ஓட்டியிருந்தால் பற்கள் மழுங்கி ஹப் முழுவதும் வீணாகியிருக்கும். பணிமனை சொன்னபடி மாற்றியிருந்தால், புதிய டிரான்ஸ்ஃபர் கேஸும் புதிய டிஃபரன்ஷியலும் பொருத்திய பிறகும் அதே நறநறப்பு அந்த ஏற்றத்தில் கேட்டிருக்கும். கடன் தவணையும் அதனுடன் தொடங்கியிருக்கும்.

ஆகவே வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் கூறுவது இதுதான்: வண்டி ஒலி எழுப்பினால் அதைப் புறக்கணிக்கவும் வேண்டாம், அஞ்சி உடனே பணத்தை எடுக்கவும் வேண்டாம். எப்போது, எங்கே, எந்த நிலையில் என்று முதலில் கேளுங்கள். விடை கிடைத்தபிறகு செலவிடுங்கள். அப்போதும் பணம் தேவைப்பட்டால், உங்கள் கிளை திறந்தே இருக்கும்.